பந்தயம் கட்டிப் பெறும் பக்தி

பக்தி பந்தயத்தில் பிறக்குமா? பிறக்க வழியுண்டு என்றார் பிரெஞ்சுப் பேரறிஞர் பாஸ்கல்.

அவர் பாமரரல்லர். பத்தொன்பது வயதில், தந்தையாரின் வரிக்கணக்கு வேலையை எளிதாக்கக் கணக்கிடும் இயந்திரம் அமைக்கத் தொடங்கியவர். 1654-இல் பெர்மா என்ற கணித அறிஞருடன் கடிதப் போக்குவரத்து நடத்தி, சூதாட்டச் சிக்கலிலிருந்து நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடிகோலியவர். 1662-இல் மறைந்தார். 1670-இல் வெளிவந்த அவரது ‘சிந்தனைகள்’ எனும் நூலிலேதான் அந்தப் பந்தயம் இருக்கிறது.

தேவன் உண்டா, இல்லையா என்பதை அறிவினால் முடிவுகட்ட இயலாது என அவரே ஒப்புகிறார். ஒப்பியபின் ஆராய்ச்சியை விடுத்துப் பேரத்தில் இறங்குகிறார். உண்டென்று நம்பு, இருந்துவிட்டால் முடிவிலா இன்பம், இல்லாவிடில் இழப்பது அற்பம்! இதுதான் அவர் காட்டும் கணக்கு.

எந்தத் தேவன்? இதே வாதத்தை ஓர் இமாமும் கூறலாமே என்று கேட்டார் டிதரோ. பல முகங்கொண்ட பகடையை இருபுறமே உள்ள நாணயமாக்கிச் சுண்டுகிறார் பாஸ்கல். ஒன்றை நம்புவதால் ஆதாயம் உண்டு என்பது, அது மெய் என்பதற்குச் சான்றாகாது என்று 1734-இல் இடித்துரைத்தார் வால்டேர்.

நாம் கேட்பது வேறொன்று. விசுவாசம் தேவனின் அருட்கொடை என்பது கிருத்தவ போதனை. பாஸ்கலுக்கும் அதுவே கொள்கை. அப்படியிருக்க, லாப நட்டம் பார்த்து அதை நாடச் சொல்வானேன்? நம்ப இயலவில்லையே எனத் தவிப்பவனுக்கு அவர் தரும் மருந்தோ, நம்புவோனைப் போல நடந்துகொள், தீர்த்தம் தொடு, பூசை வை என்பது. மனம் ஏற்காததை உடல் நடிக்கிறது, நடிப்பு பழக்கமாகிறது, பழக்கம் பக்தியென்று பெயர் சூட்டிக்கொள்கிறது. ஏசு சபையார் ஒழுக்கத்தை வசதிக்கேற்ப வளைத்ததை 1656, 1657 ஆண்டுகளில் கடிதங்கள் வாயிலாகத் தோலுரித்தவரும் இதே பாஸ்கல்தான்!

தேவனை உள்ளன்போடு நம்பும் கிருத்தவர், நம்மினும் முன்னே இந்தப் பேரத்தை வெறுத்தொதுக்க வேண்டும். ஆதாயத்துக்காக வந்த அன்பை அவர் தம் இல்லத்திலேகூட ஏற்கமாட்டாரே!

‘கும்பிட்டு வையேன், நட்டமென்ன?’ என்று பகுத்தறிவாளரை நோக்கி இன்றும் கேட்கிறார்கள். நட்டம் உண்டு. தெரியாததைத் தெரியாது என்று கூறும் நேர்மை போய்விடும். அந்த நேர்மையை அற்பமென ஒதுக்கிய இடத்தில்தான் கணித மேதை கணக்கில் தவறினார்.