லினக்ஸில் ஓடிய எக்ஸ்ப்ளோரர்

விண்டோஸில் மட்டும் ஓடும் உலாவியில் தான் செய்த பக்கம் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதற்காகவே லினக்ஸ்காரர் ஒரு விண்டோஸ் கணினி வாங்க வேண்டுமா? 2001இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6, அடுத்த பதிப்பு 2006 அக்டோபரில் வரும்வரை ஏறத்தாழ எதிரியின்றி ஆண்டதால் எழுந்த கேள்வி இது. வாங்காமல் சமாளிக்க வழிகள் பிறந்தன. எல்லாமே பயன்பட்டன, எல்லாமே ஏமாற்றவும் செய்தன. எந்த வழி எந்த இடத்தில் ஏமாற்றும் என்று தெரியாதவருக்கு அந்தச் சோதனையால் ஆனது ஒன்றுமில்லை.

எக்ஸ்ப்ளோரர் 6 வரையறையைப் படித்து ஊகிக்கக்கூடிய உலாவி அல்ல. இடப்பக்கம் மிதக்கவிட்ட ஒரு பெட்டிக்கு அதே பக்கம் பத்து பிக்சல் ஓரம் கொடுத்தால் இருபதாகக் காட்டும். ஒளி ஊடுருவும் பிஎன்ஜி படத்தின் பின்னால் சாம்பல் நிறத்தைப் பூசும். ‘ஹேஸ்லேஅவுட்’ என்று உள்ளுக்குள் ஒரு நிலை வைத்திருந்தது; அது இயங்காத பெட்டிகளில் எழுத்து மறைந்து, பக்கத்தை உருட்டினால் திரும்ப வரும். ‘ஜூம்: 1’ என்று, பார்வைக்கு ஒரு மாற்றமும் செய்யாத வரியைச் சேர்த்தால் சரியாகிவிடும். இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்க முதலில் கைகொடுத்தது வைன். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்க 1993இல் தொடங்கிய திட்டம். அதன்மேல் எழுதப்பட்ட ‘ஐஈஸ்ஃபார்லினக்ஸ்’ என்ற ஸ்கிரிப்ட், எக்ஸ்ப்ளோரரின் நிறுவல் கோப்புகளைப் பதிவிறக்கிப் பிரித்து 5, 5.5, 6 ஆகிய மூன்று பதிப்புகளையும் அடுத்தடுத்து அமர்த்தித் தரும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே விண்டோஸில் இரண்டு எக்ஸ்ப்ளோரர்களை வைத்துக்கொள்ள மைக்ரோசாப்ட் வழி தரவில்லை. புதியது வந்தால் பழையது போய்விடும். விண்டோஸ்காரருக்கு மைக்ரோசாப்ட் தராத வசதி லினக்ஸ்காரருக்குக் கிடைத்தது. உரிமத்தை ஊன்றிப் படித்தால், விண்டோஸுக்கு உரிமம் வைத்திருப்பவருக்குத்தான் எக்ஸ்ப்ளோரரும் சொந்தம். அதைப் பலர் பொருட்படுத்தவில்லை.

வைனில் தெரிவதை எவ்வளவு நம்பலாம்? இதற்கு ‘ஓரளவு’ என்று பொதுப்படச் சொல்லிவிட்டு நகர்வது சோம்பேறித்தனம். எங்கே நம்பலாம், எங்கே கூடாது என்று கோடு கிழிக்க முடியும். பக்கத்தைக் கணக்கிட்டு அடுக்கும் வேலையைச் செய்வது ‘எம்எஸ்ஹெச்டிஎம்எல்’ என்ற மைக்ரோசாப்ட்டின் சொந்த டிஎல்எல் கோப்பு. அது வைனுக்குள்ளும் அப்படியே, மூலமாகவே ஓடியது. ஸ்கிரிப்ட் எஞ்சினும் அப்படித்தான். ஆகவே இரட்டிக்கும் ஓரமும் மறையும் எழுத்தும் வைனிலும் அச்சு அசலாகத் தெரிந்தன. ஆனால் அந்த எஞ்சின் ‘இந்த எழுத்து எவ்வளவு அகலம்?’ என்று கேட்கும்போது பதில் சொன்னது விண்டோஸ் அல்ல, வைன். ஏரியலும் வெர்டானாவும் இல்லாத கணினியில் வேறு எழுத்துரு வந்து அமரும். வரி வேறிடத்தில் மடங்கும். ஆறு சொற்கள் கொண்ட பட்டியில் கடைசிச் சொல் இரண்டு பிக்சல் இடமில்லாமல் கீழே விழும், அல்லது விண்டோஸில் விழ வேண்டியது இங்கே விழாமல் நிற்கும். இரண்டாவதுதான் கேடு. இல்லாத பிழையைத் துரத்தினால் ஒரு மாலைதான் வீண். இருக்கும் பிழை மறைந்தால் அது வாடிக்கையாளர் கண்ணில்தான் முதலில் படும்.

மைக்ரோசாப்ட் 1996இல் இணையத்துக்கென்று இலவசமாக வெளியிட்ட எழுத்துருக்களை லினக்ஸில் நிறுவிக்கொண்டால் இந்தக் குறை பெருமளவு தீரும். முழுதாகத் தீராது, எழுத்தின் விளிம்பை மென்மையாக்கும் முறை இரண்டிலும் வேறு. பொத்தான், தேர்வுப் பெட்டி போன்றவற்றை வரைவதும் வைனின் கைதான். சுருங்கச் சொன்னால், அடுக்கும் அறிவு அசல், வரையும் கை நகல். 2011இல் வந்த எக்ஸ்ப்ளோரர் 9, பக்கத்தை வரையும் பொறுப்பை டைரக்ட்2டி, டைரக்ட்ரைட் என்ற விண்டோஸ் பாகங்களிடம் ஒப்படைத்தபோது நகலின் பங்கு இன்னும் கூடியது. அதன்பின் வைன் வழியை நான் யாருக்கும் பரிந்துரைத்திருக்க மாட்டேன்.

தமிழ்ப் பக்கம் செய்தவருக்கு இந்தக் கோடு இன்னும் முன்னாலேயே வந்து நின்றது. ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பை முன்னும் காலைப் பின்னும் கோப்பது உலாவி அல்ல. விண்டோஸின் யுனிஸ்கிரைப் என்ற பாகம். வைனில் ஓடுவது மைக்ரோசாப்ட்டின் யுனிஸ்கிரைபா, வைன்காரர்கள் எழுதியதா என்பதைப் பொறுத்துக் கொம்பின் இடம் மாறும். விண்டோஸின் லதா எழுத்துரு இல்லாத இடத்தில் லினக்ஸின் தமிழ் எழுத்துரு வந்தால் வரியின் உயரமே வேறு. அதற்கும் முந்தைய கதை ஒன்று: யூனிகோடு பரவுமுன் தமிழ்த் தளங்கள் சில, தங்கள் எழுத்துருவை ‘இஓடி’ கோப்பாகப் பக்கத்தோடு அனுப்பின. அதை எக்ஸ்ப்ளோரர் மட்டுமே படித்தது. லினக்ஸ் வாசகருக்கு அந்தத் தளங்கள் வெறும் ரோமன் கிறுக்கல்.

வைனைவிட நேர்மையானது மெய்நிகர் கணினி. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளுக்குள் ஓடுவது முழு விண்டோஸ், வரையும் கையும் அசல்தான். தொடக்கத்தில் மைக்ரோசாப்ட் கொடுத்த சோதனைப் பிரதிகள் தன் விர்ச்சுவல் பிசிக்கென்று ஆக்கப்பட்டவை, லினக்ஸில் சுலபமாக ஏறவில்லை. 2013 ஜனவரியில் மைக்ரோசாப்ட்டின் ‘மாடர்ன்.ஐஈ’ தளம் வந்தபின் லினக்ஸில் விர்ச்சுவல்பாக்ஸுக்கே பிரதிகள் கிடைத்தன. 90 நாளில் காலாவதியாகும். முதல் நாளே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால் அங்கே திரும்பிவிடலாம் என்பதை அவர்களே சொல்லிக் கொடுத்தார்கள். வட்டில் பல ஜிபி போகும், நினைவகம் திணறும். அது வெறும் செலவு. எனக்கு உறுத்துவது வேறு.

அசல் விண்டோஸும் பொய் சொல்லும். எக்ஸ்ப்ளோரர் 8இலிருந்து, புள்ளியே இல்லாத சர்வர் பெயரை முகவரியாகக் கொடுத்தால் அது அலுவலக உள்வலை என்று உலாவி எடுத்துக்கொண்டு, பக்கத்தைப் பழைய 7இன் பாங்கில் காட்டக்கூடும். அதே பக்கத்தை 10.0.2.2 என்ற எண் முகவரியில் திறந்தால் 8ஆகவே காட்டும். தன் லினக்ஸ் கணினிக்குச் செல்லப்பெயர் வைத்துச் சோதித்தவர், வாசகர் ஒருபோதும் காணப்போகாத பக்கத்தைத் திருத்திக்கொண்டிருப்பார். ஆங்கில விண்டோஸ் எக்ஸ்பியில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவு அணைந்தே இருக்கும். அதை இயக்காமல் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் உடைந்த கொம்புகளுக்குத் தன் நிரலைத்தான் முதலில் சந்தேகிக்கத் தோன்றும்.

தொலைவில் உள்ள வேறொருவரின் விண்டோஸை வாடகைக்கு எடுப்பது மூன்றாவது வழி. 2011இல் மும்பையில் தொடங்கிய பிரவுசர்ஸ்டாக் இதில் பெயர்பெற்றது. தீர்ப்புக்கு நல்லது, சிகிச்சைக்கு ஆகாது. பிழை இருக்கிறதா என்று சட்டென்று தெரியும். ஆனால் சுட்டியை நகர்த்தி அரை நொடி காத்திருந்து ஒவ்வொரு வரியாகத் திருத்துவது பொறுமையைத் தின்னும். வெளியிடாத பக்கம் அயலார் கணினி வழியே போவதைச் சில வாடிக்கையாளர்கள் ஒப்பவும் மாட்டார்கள்.

என் கணக்கில், எக்ஸ்ப்ளோரர் 8 வரையிலான காலத்துக்கு வைனை அடுக்கில் நேரும் பிழைகளைத் தேடவும், மெய்நிகர் கணினியை எழுத்தும் படிவமும் பார்க்கவும் வைத்துக்கொண்டவரே சரியாகச் செய்தார். மூன்று வழியிலும் மாறாத ஒரு அநியாயம் உண்டு: விண்டோஸைத் தேர்ந்தெடுக்காதவரின் நேரமே செலவானது, தன் உலாவியை ஒரே கூரைக்குள் பூட்டி வைத்தவருக்கு ஒரு காசும் போகவில்லை.

2022 ஜூன் 15ஆம் தேதி விண்டோஸ் 10இல் எக்ஸ்ப்ளோரருக்கு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்தியது. அதன் அடுத்த உலாவியான எட்ஜ் அதற்கு முந்தைய ஆண்டே லினக்ஸுக்கு வந்துவிட்டது. பழைய எஞ்சினை உள்ளே ஓட்டும் ‘ஐஈ முறை’ மட்டும் இன்றும் விண்டோஸ் எட்ஜிலேயே தங்கிவிட்டது. பூட்டிய கூரை இப்போது ஆப்பிளுடையது. சஃபாரி லினக்ஸுக்கு வந்ததே இல்லை. வெப்கிட் எஞ்சினின் லினக்ஸ் வடிவத்தில் ஓடும் எபிஃபனி உலாவியைத் திறந்து ‘சஃபாரியில் பார்த்துவிட்டேன்’ என்று சொல்வோர் இருக்கிறார்கள். எஞ்சினின் வேர் ஒன்றுதான். எழுத்துரு, ஒலி ஒளி, வலைத்தொடர்பு எல்லாம் லினக்ஸின் பாகங்கள். பெட்டிகளின் அடுக்கை அதில் பார்த்து நம்பலாம். ஐபோனில் விசைப்பலகை எழும்போது பக்கத்தின் அடிப்பட்டை எங்கே போகிறது என்பதை அதில் பார்க்க வழியில்லை. அதற்கு ஒரு ஐபோனை இரவல் வாங்கித்தான் ஆக வேண்டும்.