ஓஎல்டி தேர்வு: விலை மட்டும் போதுமா?

கண்ணாடி இழை வழியே வீடுகளுக்கு இணையம் தரும் வலையமைப்பில் மூன்று கருவிகள் முக்கியமானவை: நிலையத்தில் உள்ள ஓஎல்டி, வழியில் ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர், வீட்டில் உள்ள ஓஎன்யு. கேபிள் டிவி தொழிலிலிருந்து இணையச் சேவைக்கு வந்த சிறு நிறுவனங்கள் பல, ஓஎல்டியின் விலையை வைத்தே மற்ற அனைத்தையும் முடிவு செய்கின்றன. இவ்வலையமைப்புக்கான தரங்களில் ஒன்றான ஈபானின் விலை குறைந்த கருவிகள் பரவியதற்கு இதுவே பெருங்காரணம்.

இவ்வழக்கத்தில் நியாயம் உண்டு. 2004இல் ஐட்ரிபிள்இ தரப்படுத்திய ஈபான், ஈதர்நெட் முறையிலேயே இயங்குவதால் சுவிட்ச் கையாளத் தெரிந்தவர் விரைவில் பழகிக்கொள்வார். நான்கு அல்லது எட்டு போர்ட் கொண்ட சிறு பெட்டி போதும், முதலீடு குறைவு. அதே இழையில் 1550 நானோமீட்டரில் டிவி சிக்னலையும் அனுப்பலாம். சில தெருக்களோடு தொழில் தொடங்குபவருக்கு இது தக்க வழியே.

வாடிக்கையாளர் பெருகும்போது குறைகள் தெரிகின்றன. ஈபானின் 1.25 ஜிகாபிட் வேகத்தில் குறியீட்டு முறைக்கு ஐந்தில் ஒரு பங்கு போக, மிஞ்சுவது ஒரு ஜிகாபிட். மற்றொரு தரமான ஜிபான் வீடுகளை நோக்கி ஏறத்தாழ 2.5 ஜிகாபிட் அனுப்பும். ஒரு போர்ட்டில் 64 வீடுகளும் ஒரே நேரத்தில் முழுமூச்சாகப் பயன்படுத்தினால், முன்னதில் வீட்டுக்குச் சுமார் 15 மெகாபிட்டும், பின்னதில் சுமார் 38 மெகாபிட்டும் கிடைக்கும். எல்லோரும் கிரிக்கெட் பார்க்கும் இரவுகளில் இந்த வேறுபாடு புகார்களாக வந்து சேரும்.

ஒளி இழப்புக் கணக்கும் அடிக்கடி விடுபடுகிறது. 64 ஆகப் பிரித்தால் சுமார் 21 டெசிபெல், எட்டு கிலோமீட்டர் இழையில் சுமார் 3, இணைப்புகளில் 2 என மொத்தம் 26 டெசிபெல் போய்விடும். 28 டெசிபெல் தாங்கும் ‘பி பிளஸ்’ வகை ஜிபான் மாட்யூலில் மிஞ்சுவது இரண்டே. அறுந்த கேபிளை நான்கைந்து முறை ஒட்டினால் அதுவும் கரையத் தொடங்கும்.

ஜிபானும் குறையற்றதன்று. ஓஎன்யுவை நிர்வகிக்கும் ஓஎம்சிஐ முறை தரப்படுத்தப்பட்டதே. எனினும் தயாரிப்பாளர் தோறும் வேறுபாடுகள் உள்ளன. வேறு நிறுவனத்தின் ஓஎன்யுவில் இணையம் வரும். ஆனால் வைஃபை அமைப்பையோ தொலைபேசியையோ நிலையத்திலிருந்து மாற்ற முடியாமல் போகலாம். ஆயிரம் வீடுகளுக்கு ஆயிரம் ஓஎன்யு வேண்டும் என்பதால், பெருஞ்செலவு அங்கேதான் சேர்கிறது. இதனால் ஓஎல்டி தயாரிப்பாளரின் ஓஎன்யுவையே வாங்க நேர்ந்தால், ஓஎல்டியில் மிச்சம் பிடித்த பணம் அதில் கரைந்துவிடும்.

எதிர்காலத்தையும் கருத வேண்டும். பத்து ஜிகாபிட் தரும் எக்ஸ்ஜிஎஸ்-பான் வேறு அலைநீளங்களில் இயங்குவதால் ஜிபானுடன் ஒரே இழையில் செல்லும். ஈபானுக்கும் பத்து ஜிகாபிட் வழி உண்டு. எனவே இழை வீணாகாது. மாற வேண்டியவை இரு முனைக் கருவிகளே. மேலும், இந்தியாவில் 2021 ஜூன் 15 முதல், உரிமம் பெற்ற நிறுவனங்கள் அரசு நம்பகமானவை என ஏற்ற மூலங்களின் கருவிகளையே புதிதாக இணைக்க வேண்டும். பெயரறியாத மலிவுக் கருவி இங்கேயும் இடறும்.

சிறு தொடக்கத்துக்கு ஈபான் பொருந்தும். வளரும் நிறுவனத்துக்கு ஜிபானே ஏற்றது. எதுவாயினும் போர்ட் விலையை விட்டு, ஒரு வீட்டுக்கு ஐந்தாண்டில் ஆகும் மொத்தச் செலவைக் கணக்கிட்டு, வேறு நிறுவன ஓஎன்யுவை இணைத்துச் சோதித்த பிறகே வாங்க வேண்டும்.