குடிப்பிறப்பும் பதவியும்: ஓர் ஆங்கில நகைநாடகம்

நகைக்குத் தொல்காப்பியர் வகுத்த நிலைக்களன் நான்கனுள் எள்ளலும் ஒன்று. எள்ளப்படுவது யாது எனத் தெளியாமல் நகைநாடகம் ஒன்றனை மதிப்பிடல் இயலாது. 1968 முதல் 1977 வரை பி.பி.சி. தொலைக்காட்சியில் வெளிவந்த ‘டாட்ஸ் ஆர்மி’ என்னும் தொடர்நாடகத்தை இந்நோக்கில் ஈண்டு ஆராய்வாம். இதனை யாத்தவர் ஜிம்மி பெரியும் டேவிட் கிராஃப்டும் ஆவர்.

1940இல் பிரித்தானியாவில் தோன்றிய ஊர்க்காவற்படையின் ஒரு பிரிவே கதைக்களம். அதன் தலைவர் கேப்டன் மானரிங். உழைப்பால் உயர்ந்த வங்கி மேலாளர். சார்ஜண்ட் வில்சன் வங்கியிலும் அவர்க்குக் கீழ்ப்பட்ட தலைமை எழுத்தர். ஆயின் உயர்குடிப் பிறந்தவர். உயர்குடியினர் ஆணையிட ஏனையோர் அடங்கி நடத்தலே அந்நாட்டுப் படைமரபு. அம்மரபை ஆசிரியர் இருவரும் தலைகீழாக்கினர்.

1973இல் ஒளிபரப்பான ‘தி ஹானரபிள் மேன்’ என்னும் பகுதியில், உறவினர் ஒருவர் இறந்தமையால் வில்சனுக்குக் குடிப்பட்டம் ஒன்று வாய்க்கின்றது. மானரிங் பல்லாண்டு முயன்றும் புகவியலாத கோல்ஃப் சங்கம் வில்சனைத் தானே அழைக்கின்றது. ஈட்டிய பதவி பிறப்பின் முன் நில்லாமை இங்குப் புலனாம்.

இதனால், உழைத்து உயர்ந்தானையே இந்நாடகம் எள்ளுகின்றது என்பார் உளராயின், அக்கூற்று முழுவதும் பொருந்தாது என்பது எம் துணிபு. 1975இல் வந்த ‘மை பிரதர் அண்ட் ஐ’ இதற்குச் சான்றாம். தந்தையார் தையற்றொழிலிற் பெருமை பெற்றவர் என மானரிங் கூறி வந்தார். அவர் சிறு துணிக்கடை நடத்தியவரே என்னும் உண்மையை மானரிங்கின் உடன்பிறந்தார் வெளிப்படுத்துகின்றார். உடன்பிறந்தார் இருவராகவும் நடித்தவர் ஆர்தர் லோ ஒருவரே. மறைக்க முயன்ற பிறப்பு மானரிங்கின் முகத்தோடே வந்து எதிர்நிற்கின்றது. ஈண்டு நாம் நகுவது எளிய பிறப்பை அன்று. அதனை நாணி மறைத்தலையே.

வில்சனும் எள்ளலுக்குத் தப்பினாரல்லர். இனிய பண்பு வாய்ந்த அவர் பொறுப்பேற்க விரையார்; படையைத் தாங்குவது மானரிங்கின் ஊக்கமே. உழைப்பால் உயர்ந்தானையும் தன் பிறப்பிற்கு நாணச் செய்யும் சமுதாய ஒழுங்கே இந்நாடகத்தில் எள்ளப்படுவது. அவ்வொழுங்கு குலையாமலே நாடகம் முடிகின்றது. ஆதலின் நம் நகையின் ஈற்றில் இரக்கம் எஞ்சுகின்றது.