நிறுத்திய ஒளியை எதைக் கொண்டு அளப்பது?

1999 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு கட்டுரை இயற்பியலாளர்களைத் தாண்டியும் பேசப்பட்டது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ரோலண்ட் ஆய்வு நிறுவனத்தில் லேனா ஹாவும் அவருடைய குழுவினரும், தனிச்சுழி வெப்பநிலையை ஒட்டிக் குளிர்வித்த சோடியம் அணுத்திரளில் ஒளித்துடிப்பின் வேகத்தை நொடிக்கு 17 மீட்டராகக் குறைத்துக் காட்டினார்கள். நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் கடக்கும் ஒளி, நெடுஞ்சாலைப் பேருந்தின் வேகத்துக்கு இறங்கியது. அதன்பின் சாதனைகள் நேரக்கணக்கில் வந்தன. 2001இல் ஒரு மில்லிநொடி வரை ஒளி நிறுத்தப்பட்டது. 2013இல் ஒரு நிமிடம், 2021இல் ஒரு மணி நேரம்.

இந்த எண்கள் அனைத்தும் உண்மை. ஆனால் குவாண்டம் ஒளியியலுக்கு இவற்றால் என்ன கிடைத்தது என்பதை இந்த எண்களே சொல்லிவிடாது. வேகமும் நேரமும் தனித்து நின்றால் தவறான அளவுகோல்கள் என்பதே என் வாதம்.

முதலில் நிகழ்வதைப் பார்ப்போம். அணுவில் இரண்டு தாழ்நிலைகள், ஒரு கிளர்நிலை. சாதாரணமாக அந்த அணுத்திரள் குறிப்பிட்ட நிறத்து ஒளியை விழுங்கிவிடும். இரண்டாவதாக ஒரு கட்டுப்பாட்டு லேசர் கற்றையைச் செலுத்தினால், கிளர்நிலைக்குப் போகும் இரு வழிகளும் குறுக்கீட்டால் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒளிபுகா அணுத்திரள் ஒளிபுகுவதாகிறது. ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் ஹாரிஸ் குழு 1991இல் ஸ்ட்ரான்சியம் ஆவியில் இதைச் செய்துகாட்டியது. இப்படித் திறக்கும் சாளரம் மிகக் குறுகியது. அதனுள் அதிர்வெண்ணைப் பொறுத்து ஒளிவிலகல் எண் செங்குத்தாக மாறுவதால் துடிப்பு மெதுவாகிறது. கட்டுப்பாட்டுக் கற்றையை மங்கச் செய்தால் வேகம் மேலும் குறையும். அணைத்தே விட்டால் துடிப்பின் வீச்சும் கட்டமும் அணுக்களின் சுழற்சிநிலைகளில் பதிந்துவிடும். மீண்டும் கற்றையை ஏற்றினால் துடிப்பு வெளிவரும்.

அப்படியானால் உள்ளே ஒளி நின்றுகொண்டிருக்கவில்லை. துடிப்பின் ஆற்றலில் பெரும்பங்கு கட்டுப்பாட்டுக் கற்றையோடு வெளியேறிவிட்டது. அணுக்களில் எஞ்சுவது இரு தாழ்நிலைகளுக்கு இடையிலான கட்ட உறவு மட்டுமே. 'ஒளியை நிறுத்தினோம்' என்பது மிகை என்று விமர்சகர்கள் சொல்வது சரி. ஆனால் அந்த விமர்சனம் சாய்ப்பது தலைப்புச் செய்தியைத்தான், சோதனையை அன்று. ஆற்றல் போனபின்பும் நிலை தங்குகிறது, கேட்கும்போது கட்டம் மாறாமல் திரும்புகிறது என்பதுதான் உண்மையில் வியக்கத்தக்கது. 2000இல் இயற்பியலாளர்கள் ஃப்ளைஷ்ஹவரும் லூகினும் கோட்பாட்டில் வகுத்ததும் இதையே.

இப்போது அளவுகோலுக்கு வருவோம். இந்தத் துறையின் மெய்யான போட்டியாளர் எளிய ஒளியிழைச் சுருள். அதில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். தொலைத்தொடர்புக்குப் பயன்படும் நல்ல இழையில் 15 கிலோமீட்டருக்குப் பாதி இழப்பாகும். ஹாவ் குழுவின் அளவீடுகளில் ஒன்றில் 229 மைக்ரோமீட்டர் அணுத்திரள் துடிப்பை ஏறத்தாழ 7 மைக்ரோநொடி தாமதப்படுத்தியது. அதே தாமதத்தை 1.4 கிலோமீட்டர் இழை, ஆறு விழுக்காடு இழப்போடு தந்துவிடும். மேலும், சாளரம் குறுகக் குறுக ஒளி மெதுவாகும். ஆனால் அதற்குள் நுழையத் துடிப்பும் நீள வேண்டும். எனவே துடிப்பின் நீளத்தைப் போலச் சில மடங்குத் தாமதமே கிடைக்கும். தாமதக் கருவி என்று எடுத்துக்கொண்டால் மெதுவொளி தோற்றது. அது நமக்குத் தந்தது சேமிப்புக்கான வாசலை.

சேமிப்பில் கணக்கு மாறுகிறது. ஒரு மில்லிநொடி காத்திருக்க 200 கிலோமீட்டர் இழை வேண்டும். பத்தாயிரம் ஃபோட்டான்களில் ஒன்றே மிஞ்சும். இழை, நாம் கேட்கும் நேரத்தில் ஃபோட்டானைத் தரவும் செய்யாது. இங்கே அணு நினைவகத்துக்கு உண்மையான இடமிருக்கிறது. ஆனால் அது நான்கு சோதனைகளில் ஒருசேரத் தேற வேண்டும்: தேவையான நேரம், பாதிக்கு மேற்பட்ட மீட்புத்திறன், ஒற்றை ஃபோட்டானை மூழ்கடிக்காத அளவு குறைந்த இரைச்சல், ஒரே சமயத்தில் பல துடிப்புகளை ஏற்கும் கொள்ளளவு. மீட்புத்திறன் பாதிக்குக் குறைந்தால், நமக்குத் திரும்பியதைவிட நல்ல படி வேறெவரிடமோ இருக்கக்கூடும். குவாண்டம் செய்தித்தொடர்பின் பாதுகாப்பு அங்கேயே பொருளிழக்கும்.

இந்த நோக்கில் 1999ஐவிட 2005 எனக்குப் பெரிய ஆண்டு. ஜார்ஜியா டெக்கிலும் ஹார்வர்டிலும் தனித்தனியே ஒற்றை ஃபோட்டான்கள் அணுத்திரளில் சேமிக்கப்பட்டு மீட்கப்பட்டன. 2018இல் தைவான் ஆய்வாளர்கள் குளிர்ந்த சீசியம் அணுக்களில் 92 விழுக்காடு மீட்புத்திறனை எட்டினார்கள்; அது ஒற்றை ஃபோட்டான்களுக்கு அன்று, லேசர் துடிப்புகளுக்கானது. 2019இல் சீன ஆய்வாளர்கள் குளிர்ந்த ருபீடியத்தில் ஒற்றை ஃபோட்டானின் முனைவாக்க நிலையை 85 விழுக்காட்டுக்கு மேல் மீட்டார்கள். ஆனால் சேமித்த நேரம் மைக்ரோநொடி அளவே.

மறுபக்கம் நேரச் சாதனைகள். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் ஒரு நிமிடம் பிரசியோடிமியம் கலந்த படிகத்தில். சீனாவின் ஹெஃபெயில் ஒரு மணி நேரம் யூரோப்பியம் கலந்த படிகத்தில். இரண்டிலும் உள்ளே சென்றவை ஏராளமான ஃபோட்டான்கள் கொண்ட துடிப்புகள். திரும்பியது சிறு பங்கு. திறனுள்ளவை நெடுநேரம் தாங்கவில்லை. நெடுநேரம் தாங்கியவை திறனோடு திருப்பித் தரவில்லை.

அறிவியல் பகுதி பகுதியாகத்தானே வளரும், இவ்வளவு கடுமை நியாயமா என்று கேட்கலாம். பகுதிகள் தாமாக ஒன்றுசேருமானால் அது நல்ல பதில். இங்கே அவை ஒன்றோடொன்று மோதுகின்றன. படிகத்தில் நேரத்தை நீட்ட ரேடியோ அலைத் துடிப்புகளைத் தொடர்ந்து செலுத்த வேண்டும். அவற்றின் சிறு பிழையும் அணுக்களைத் தவறான நிலைக்குத் தள்ளும். மீட்கும்போது அது இரைச்சலாக வெளிவந்து ஒற்றை ஃபோட்டானை மறைத்துவிடும். நேரத்தைத் தரும் அதே உத்தி தூய்மையைக் கெடுக்கிறது.

இன்னொரு சான்றும் உறுத்துகிறது. நினைவகத்தின் துணையால், குவாண்டம் செய்தியை இழை வழியே நேரடியாக அனுப்புவதற்குரிய எல்லையைக் கடக்க முடியும் என்று 2020இல் ஹார்வர்டில் ஆய்வகச் சோதனை ஒன்று காட்டியது. அதில் இருந்தது அணுத்திரள் அன்று. வைரத்தில் பதிந்த ஒற்றைச் சிலிக்கான் மையம்.

என் தீர்ப்பு இது. ஒளியை மெதுவாக்கியது மகத்தான இயற்பியல். கருவியாக அது நிற்கவில்லை. அணுக்களில் ஒளியைச் சேமிப்பது கருவியாகக்கூடியது, இன்னும் ஆகவில்லை. ஆயிரம் கிலோமீட்டர் இழையில் ஒளி 5 மில்லிநொடியில் போய்விடும். பலமுறை முயன்று குவாண்டம் இணைப்பை நிறுவ நொடிக்கணக்கில் நினைவு நிலைத்தால் போதும்; இழைவழி வலைப்பின்னல் ஒரு மணி நேரத்தைக் கேட்கவில்லை. நினைவகத்தையே வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகும் திட்டத்துக்குத்தான் மணிக்கணக்கு தேவை. அணுத்திரளை நம்புவோர் இனிக் காட்ட வேண்டியது, ஒரே கருவியில் ஒற்றை ஃபோட்டான், ஒரு நொடி, பாதிக்கு மேல் மீட்பு. அந்த மூன்றும் சேரும் நாள் 17 மீட்டரைவிடப் பெரிய செய்தி.