சிறுதேரும் நுங்கு வண்டியும்

'அந்தக் காலத்தில் நாங்களே பொம்மை செய்து விளையாடினோம். இப்போது பிள்ளைகள் கையில் செல்போன்.' இப்படி ஒரு கட்டுரை வராத சிறப்பு மலர் அரிது. நுங்கு வண்டி, கில்லி, பம்பரம், தென்னமட்டை பேட்டு என்று பட்டியல் வரும். கடைசியில் ஒரு பெருமூச்சு. இந்த 'நாங்கள்' யார்? அந்தக் கட்டை எந்த மரத்தில் வெட்டியது? மரம் யாருடையது? வெட்டிய அரிவாள் யாருடையது? இதையெல்லாம் கேட்காத நினைவு எழுத்து, எல்லாருக்கும் பொதுவான ஒரு குழந்தைப் பருவத்தைக் கட்டமைக்கிறது. சாதியால் ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடக்கும் மண்ணில் அப்படி ஒன்று இருந்ததே கிடையாது.

நான் நோணாங்குப்பத்துக்காரன். புதுச்சேரியிலிருந்து கடலூர் போகிற சாலையில், சுண்ணாம்பாற்றுக் கரையில் இருக்கிற ஊர். எங்க பக்கத்துப் பசங்களுக்கு உளி, ரம்பம் எல்லாம் கிடையாது. இருந்தது ஒரே அரிவாள். அதுவும் அம்மா வேலைக்கு எடுத்துப் போறது. பொம்மை செதுக்கி அதன் மொனையை மழுக்கினால் மறுநாள் கூலிக்குப் போகிற கைதான் கஷ்டப்படும். அதனால் அரிவாள் கைக்கு வருகிற நேரம் பொழுது சாய்ந்த பிறகுதான்.

மரத்துக்கும் அதே கதை. மாடு செதுக்கக் கல்யாண முருங்கைதான் தோது. கட்டை மெத்தென்று இருக்கும், கைக்குப் பதமாக வரும். ஆனால் அது நிற்பது நிலம் உள்ளவர் வேலியில். ஒரு கிளையை ஒடித்தால் திருட்டுப் பட்டம். தோப்பில் விழுந்த தென்னமட்டைக்கும் சொந்தக்காரர் உண்டு. நமக்கென்று கிடைத்தது நுங்கு தின்றுவிட்டு எறிந்த பனங்காய். இரண்டை எடுத்து ஒரு குச்சியில் கோத்து, கவைக்குச்சியால் தள்ளினால் வண்டி. காய்ந்த தென்னம்பாளையைக் கழியில் விட்டால் படகு. மழைக்காலத்தில் விறகு நனைந்துவிட்டால் மாடு, படகு எல்லாம் அடுப்புக்குப் போகும். அம்மாவைக் கோபிக்க முடியாது. சோறு வேகணுமே! ஒரு விளையாட்டுச் சாமான் பிறந்து சாகிற வரைக்கும் அதன்மேல் நிலவுடைமையும் கூலியும் உட்கார்ந்திருந்தன. நினைவு எழுத்து விட்டுவிடுவது இதைத்தான்.

தமிழ் இலக்கியத்தில் விளையாட்டுச் சாமான் இல்லாமல் இல்லை. குறுந்தொகையின் 61ஆம் பாட்டில் தச்சன் செய்த சிறு வண்டியைப் பிள்ளைகள் இழுத்து மகிழ்வது உவமையாக வருகிறது. பட்டினப்பாலையில், காயவைத்த தானியத்தைக் கொத்த வந்த கோழியைப் பெண்கள் காதுக் குழையைக் கழற்றி எறிகிறார்கள். கீழே கிடக்கும் அந்தக் குழை, பிள்ளைகள் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேருக்குத் தடையாகிறது. செல்வச் செழிப்பு என்று சொல்லி இதை வகுப்பில் நடத்துவார்கள். இரண்டு பாட்டிலும் தேரை இழுக்கும் பிள்ளை அதைச் செய்தவன் அல்ல. செய்கிறவன் ஒருவன், விளையாடுகிறவன் வேறொருவன். நுங்கு வண்டியில் இந்தப் பிரிவினை இல்லை. செய்ததும் ஓட்டியதும் ஒரே பிள்ளைதான்.

பின்னால் வந்த பிள்ளைத்தமிழ் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசி மூன்று சிற்றில், சிறுபறை, சிறுதேர். முருகனும் அரசனும் ஆன்மிகத் தலைவரும் குழந்தையாகிச் சிறுபறை முழக்கினால் அது பிரபந்தம். அந்தப் பறையையே சேரிக்காரர் தோளில் மாட்டிச் சாவுக்கு அடிக்க வைத்தால் அது ஊழியம், இழிவு. ஒரே கருவி ஒரு வீட்டில் விளையாட்டுச் சாமானாகவும் இன்னொரு வீட்டில் தலைமுறைக் கட்டாயமாகவும் இருந்தது. சேரிப் பிள்ளை கொட்டாங்கச்சியில் தாளைக் கட்டித் தட்டினால், நாளைக்குச் செய்யப்போகிற வேலைக்கு அது ஒத்திகை. அதைப் பாட ஒரு பருவமும் வகுக்கப்படவில்லை.

நவீன எழுத்தில் இரண்டு பிரதிகளைச் சொல்ல வேண்டும். கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையில் ஏழை வீட்டின் மரக்கதவுதான் பிள்ளைகளுக்கு பஸ். ஏறி நின்று ஆட்டி விளையாடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காக அதைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். விளையாட்டுச் சாமானும் ஜப்திக்கு உட்பட்டது என்று காட்டியதில் அது முக்கியமான கதை. ஆனால் கழற்றிக்கொண்டு போக அங்கே ஒரு கதவாவது இருந்தது. தட்டியும் சாக்குப் படுதாவும் தொங்கிய வாசலில் வளர்ந்தவர்கள் இந்தக் கதையை வேறு மாதிரிதான் படிப்பார்கள்.

1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' அந்த இடத்திலிருந்து பேசுகிறது. அதில் பிள்ளைகள் விளையாடும்போது சிலர் நாயக்கர், மற்றவர்கள் பண்ணையாள். விளையாட்டே சாதியைப் பயில்கிற பள்ளிக்கூடமாக இருக்கிறது. இதை மறைக்காமல் எழுதியதால்தான் அங்கே சிரிப்பும் உண்மையாக இருக்கிறது. பனைமட்டையின் ரம்பப் பல்லையே நூலுக்குப் பெயராக வைத்தவர் அவர். பனை என்றதும் நுங்கு வண்டியை மட்டும் நினைக்கிறவர்கள், அதே மரத்தின் கருக்கு யார் கையைக் கிழித்தது என்றும் நினைக்க வேண்டும்.

இன்று நினைவுக்குச் சந்தை இருக்கிறது. சன்னபட்டணா, கொண்டப்பள்ளி மரப்பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தக் கைவினைஞர்களுக்கு அது வேண்டியதுதான், நமக்கு மறுப்பில்லை. ஆனால் 'பாரம்பரியப் பொம்மை' என்ற சொல்லுக்குள் சேரிப் பிள்ளை கைப்படச் செய்தது எதுவும் வராது. நோணாங்குப்பத்தில் இப்போது சுண்ணாம்பாறு படகுக் குழாம் இருக்கிறது. டிக்கெட் வாங்கினால் படகில் போகலாம். பாளைப்படகு விட்ட பசங்களைப் பற்றி ஒரு வரி எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது பானையோடும் மணியும் வெளியே வந்தன. ஓடு மண்ணுக்குள் கிடந்து பிழைக்கும். அடுப்புக்குப் போன கட்டை எந்த அகழாய்விலும் வராது. அதற்கு நம் வாய்ச்சொல் மட்டும்தான் சாட்சி.

ஆகவே எழுதுகிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பொம்மையை எழுதுங்கள், சந்தோஷத்தையும் எழுதுங்கள். அது நமக்கு இல்லாத ஒன்றல்ல. கூடவே மரம் யாருடையது, வேலி யாருடையது, எவ்வளவு நேரம் விளையாட விட்டார்கள், எந்த வயதில் மாடு மேய்க்க அனுப்பினார்கள் என்பதையும் எழுதுங்கள். அம்மாக்களிடமும் பெரியம்மாக்களிடமும் கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கு விளையாட நேரமே கிடைத்ததா என்று அவர்கள்தான் சொல்ல முடியும். இதையெல்லாம் சொன்ன பிறகும் நுங்கு வண்டி ஓடும். அதை ஓட்டியது யார் என்பதும் அப்போது தெரியும்.