எல்லைக்கோடும் மின்னூலகமும்

தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின்வழி, 1965 முதல் சிங்கப்பூரில் வெளிவந்த படைப்பிலக்கிய நூல்களுள் ஏறத்தாழ 350 நூல்கள் 2015இல் மின்வடிவம் பெற்றன. தமிழ்ச் சமூகமும் தேசிய நூலக வாரியமும் இணைந்து ஆற்றிய அப்பணி பாராட்டுக்குரியது. எனினும், 1965 என்பது அரசியல் எல்லையேயன்றி இலக்கிய எல்லையன்று. 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசையும், 1924இல் கோலாலம்பூரில் தோன்றி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனையும் இரு கரையாரும் படித்தனர், எழுதவும் செய்தனர். முரசின் மாணவர் மணிமன்றத்தில் 1950களில் எழுதிப் பழகியோருள் மலேசியர் யார், சிங்கப்பூரர் யார் என்பதைப் பின்னாளில் குடியுரிமையே தீர்மானித்தது.

2020இல் ஆசியான் மின்னூலகம் தொடங்கப்பெற்றபோது இத்துண்டிப்பு நீங்கும் என்று எதிர்பார்க்க இடமிருந்தது. ஆனால், பல நூலகங்களை ஒரே வாயிலில் நிறுத்துவது மட்டும் ஒத்துழைப்பாகாது. ஒரே எழுத்தாளரின் பெயர் மலேசியப் பதிவில் ஒருவாறும் சிங்கப்பூர்ப் பதிவில் வேறுவாறும் உரோமன் எழுத்தில் அமையுமாயின், தேடுவோர்க்கு அவர் இருவராகவே தோன்றுவார். புனைபெயர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இன்ன பெயர் இன்னாருடையது என்று சொல்லத்தக்க மூத்தோர் குறைந்துவருகின்றனர். ஆகவே, முதற்கண் வேண்டுவது மற்றொரு வலைவாசலன்று. தமிழ் எழுத்திலேயே அமைந்த பொதுப் பெயர்க்கோவை. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையும் சிங்கப்பூர் நூலகத்தாரும் அதனைப் பகிர்ந்து தொகுக்கலாம்.