அடுத்த பஸ் எப்போது?

ஜாரெட் வாக்கரின் 'ஹியூமன் ட்ரான்சிட்' 2011இல் ஐலண்ட் பிரஸ் வெளியீடாக வந்தது. திருத்திய பதிப்பு 2024இல் வெளியானது. நாடகத் துறையில் ஆய்வு செய்து ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற வாக்கர், பல நகரங்களுக்குப் பஸ் தடங்களை வகுத்துத் தரும் ஆலோசகராக வேலை பார்க்கிறார். அதனாலோ என்னவோ, துறைக்கு வெளியே இருப்பவரும் தடுக்கி விழாமல் படித்து முடிக்கக்கூடிய நூலாக இது அமைந்திருக்கிறது.

நூலின் மையமான வாதம், ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் இடையிலான நேரம்தான் பயணியின் சுதந்திரத்தைத் தீர்மானிக்கிறது என்பது. கார் ஓட்டுபவர்களுக்கு இது எளிதில் பிடிபடாது என்கிறார். உங்கள் வீட்டு வாசலில் ஒரு கேட் இருக்கிறது, அது அரை மணிக்கு ஒருமுறைதான் திறக்கும் என்று நினைத்துப் பாருங்கள் என்று கேட்கிறார். அதற்குப் பிறகு காரின் வேகம் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

இதிலிருந்தே பஸ் மாறிச் செல்வதையும் அவர் ஆதரிக்கிறார். நேராகப் போகும் பஸ் அரை மணிக்கு ஒன்று என்றால் சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வரும் இரண்டு பஸ்களில் மாறிப் போனால், இரண்டுக்கும் சேர்த்தே 10 நிமிடம். எல்லோருக்கும் நேர்ப் பஸ் விட்டால் தடங்கள் பெருகி, ஒவ்வொன்றிலும் பஸ் அரிதாகிவிடும். டொரண்டோவின் ஸ்கார்பரோவில் இதைக் கண்ணால் பார்க்கலாம். லாரன்ஸ், எல்ஸ்மியர், ஷெப்பர்ட், ஃபிஞ்ச் கிழக்கு மேற்காகவும், கென்னடி, மிட்லண்ட், மெக்கவன், மார்க்கம் சாலைகள் வடக்கு தெற்காகவும் கட்டம் போட்டதுபோல் ஓடுகின்றன. பஸ்களும் பெரும்பாலும் அந்தந்தச் சாலையிலேயே நேராகப் போகின்றன. ஒருமுறை மாறினால் பல இடங்களுக்குப் போய்விடலாம்.

கணக்கு சரிதான். ஆனால் நூலின் வரைபடங்களில் இருக்கும் பயணி கோட்டின் மேல் நகரும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு வழி தெரியும், ஆங்கிலம் தெரியும், பனியில் வழுக்காது. என் அம்மா அந்தப் புள்ளி அல்ல.

மதுரையில் அம்மா தனியாகவே டவுன் பஸ்ஸில் போய்வந்தவர். அங்கே வழி தெரியாவிட்டால் கண்டக்டர் இருக்கிறார். அவர் மறந்தாலும் பக்கத்து சீட்டுக்காரர் எழுப்பி இறக்கிவிடுவார். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால், தப்பான பஸ்ஸில் ஏறினாலும் காசு போகாது. இங்கே எங்களுடைய முதல் வீடு புறநகரில், நடந்து போகும் தூரத்தில் எதுவுமே இல்லாத தெருவில் இருந்தது. அந்த வருகை முழுவதும் அவர் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கேயாவது கூட்டிப் போகச் சொல்லி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவர் கேட்காததை அப்போது நான் நிம்மதியாக எடுத்துக்கொண்டேன்.

லாரன்ஸ் கிழக்குச் சாலை அருகே குடிமாறிய பின் வந்தவர், லாரன்ஸ் பஸ்ஸில் ஏறி மார்க்கம் சாலையில் மாறித் தமிழ்க் கடைக்குப் போகப் பழகினார். ஒருநாள் பெல்லமி சாலையிலேயே தவறி இறங்கிவிட்டார். நான் பதறிப்போய்ப் போன் செய்தபோது, அடுத்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். "பஸ்ஸு போனா போகுதுப்பா, பின்னாலயே இன்னொண்ணு வருதுல்ல" என்றார். 2018 ஆகஸ்ட் முதல் ப்ரெஸ்டோ அட்டைக்கு இரண்டு மணி நேரச் சலுகை இருப்பதால் இரண்டாவது கட்டணமும் பிடிக்கவில்லை.

வாக்கர் விட்ட இடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. அடிக்கடி வரும் பஸ்ஸை அவர் மிச்சமாகும் நிமிடங்களாக எண்ணுகிறார். புதிதாக வந்தவருக்கும் மூத்தவருக்கும் அது பிழை பொறுக்கும் பஸ். அரை மணிக்கு ஒருமுறை வரும் பஸ்ஸில் தவறி இறங்கினால், பனியில் அரை மணி நிற்கவேண்டும். அதற்கு அஞ்சியே அவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டார்கள். மதுரையில் கண்டக்டர் செய்ததை இங்கே அடுத்த பஸ் செய்கிறது. கட்டணத்துக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கும் நூல், இந்த அச்சத்துக்கும் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கலாம்.

இருந்தும் நூலின் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. நிறையப் பேரை ஏற்றவேண்டுமா, எல்லாத் தெருவுக்கும் கொஞ்சமாவது பஸ் விடவேண்டுமா? ஒரே பணத்தில் இரண்டையும் முழுதாகச் செய்யமுடியாது. எது வேண்டும் என்பதை ஊர்தான் சொல்லவேண்டும் என்று வாக்கர் ஒதுங்கிக்கொள்கிறார். மென்பொருள் ஆலோசகனாக இந்த இடம் எனக்குப் பழக்கமானது. எதைச் செய்தால் எது போகும் என்று காட்டலாம்; வாடிக்கையாளருக்காக ஆசைப்பட முடியாது.

ஆசைப்படவேண்டிய நாமோ வீடு பார்க்கும்போது பள்ளிக்கூடத்தை விசாரிக்கிறோம், பேஸ்மென்ட்டுக்குத் தனி வாசல் உண்டா என்கிறோம், 401 எவ்வளவு பக்கம் என்கிறோம். பஸ்ஸைப் பற்றிக் கேட்டால், காருக்கு வழியில்லையா என்று பார்க்கிறார்கள். வாக்கரின் ஒரு அத்தியாயம் சொல்வதும் இதைத்தான்: நல்ல பஸ் வேண்டுமென்றால் பஸ் போகும் வழியில் குடியிருக்கவேண்டும். பிரதான சாலையைவிட்டு வளைந்து வளைந்து உள்ளே போகும் தெருவில் வீடு வாங்கிவிட்டு, பஸ் வரவில்லையே என்று வருந்திப் பயனில்லை.

ஒன்டாரியோவில் 80 வயதைத் தொட்டவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பார்வைச் சோதனை முடித்துத்தான் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கமுடியும். முதல் தலைமுறையில் பலர் அந்த வயதை நெருங்குகிறார்கள். எனக்கும் அந்த வயது வரும். இங்கே பிறந்து வளர்ந்து இப்போது வீடு தேடுகிறவர்கள், கையெழுத்துப் போடும் முன் இந்த நூலைப் படிக்கலாம். நேரமில்லையென்றால், அந்தத் தெருமுனையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நின்று, அடுத்த பஸ் எப்போது வருகிறது என்று பார்த்தாலும் போதும்.